புது வாளைப் பழக்குவது

பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் அடிப்பது பளபளப்புதான். ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கூடைப்பிடி வாளின் மலிவு நகல் எதை வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய அலகு. கையை முழுக்க மூடும் குரோம் பூசிய கம்பிக் கூடு. அதன் உள்ளே மெல்லிய சிவப்பு வெல்வெட், பிடியில் ரெக்ஸின், உச்சியில் ஒரு நட்டு. சுவரில் உயரமாக மாட்டிவிட்டால் குறை தெரியாது. கையில் எடுத்தால் நேற்றுச் செய்த சாமான் என்று தானே சொல்லிவிடும்.

இதை அசல் போல ஆக்க நினைப்பவர்களில் பலர் நேராகத் துருவுக்குப் போய்விடுகிறார்கள். வினிகரை ஊற்றி, உப்பைத் தூவி, மொட்டைமாடியில் ஒரு வாரம் போட்டு வைக்கிறார்கள். கிடைப்பது கெட்டுப்போன புது வாள். பழைய வாள் அப்படி இருக்காது.

அரத்தைக் கையில் எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்த வாளுக்கு என்ன வயது காட்டப் போகிறீர்கள்? 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போர்க்களத்துக்குப் போன வாள்கள் அன்று காலையில் துருப்பிடித்துக் கிடக்கவில்லை. எண்ணெய் போட்டு, அடிக்கடி துடைத்து, சாம்பல் மினுக்கம் ஏறிய புழங்கு பொருள்கள் அவை. அவற்றில் தப்பிப் பிழைத்த ஒன்றை இன்று அருங்காட்சியகத்தில் பார்த்தால் அலகு கருத்திருக்கும், அங்கங்கே அரித்திருக்கும், பிடியின் தோல் சுருங்கிக் கம்பி தளர்ந்திருக்கும். இரண்டும் அசல் தோற்றம்தான். மேடைக்கும் வரலாற்று வேடத்துக்கும் முதல் தோற்றம் பொருந்தும், காட்சிக்கு வைக்க இரண்டாவது. புத்தம்புது சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் குழி விழுந்த அலகு இருந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். நான் முதல் தோற்றத்துக்கே ஓட்டுப் போடுவேன். அதில் வாளுக்குச் சேதம் குறைவு. பின்னால் ஆசை வந்தால் மூப்பேற்றிக்கொள்ளலாம், ஏற்றிய மூப்பை இறக்குவதுதான் பெரும்பாடு.

மாதிரிக்கு இன்னொரு நகலின் படத்தைப் பார்க்காதீர்கள். நகலைப் பார்த்து நகல் செய்தால் பிழையும் சேர்ந்து வரும். கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ், எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன், லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் ஆகியவற்றில் நல்ல அசல்கள் இருக்கின்றன. அவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே ஒரு வாளைத் தேர்ந்தெடுத்து, அதன் படங்களை எல்லாப் பக்கத்திலிருந்தும் சேகரித்து, அதையே பின்பற்றுங்கள். இந்த வாளின் பிடி உச்சிக் குமிழ், அந்த வாளின் கூடு என்று பொறுக்கினால் எந்தக் காலத்துக்கும் சேராத ஒன்று உருவாகும்.

அசல் எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 18-ஆம் நூற்றாண்டுக் கூடைப்பிடி வாளின் அலகு பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் அடித்ததே அல்ல. ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஊர்களிலிருந்து அலகு மட்டும் கப்பலில் வந்து இறங்கும். இரண்டு பக்கமும் கூர், 80 முதல் 90 சென்டிமீட்டர் நீளம், பிடியருகே மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம். கூட்டைச் செய்து பூட்டியவர்கள்தான் உள்ளூர்க் கொல்லர்கள். கிளாஸ்கோவில் ஜான் சிம்சன், ஸ்டெர்லிங்கில் வால்டர் ஆலன் ஆகியோரின் பெயர்கள் இன்றும் சேகரிப்பாளர்கள் வாயில் அடிபடுகின்றன. தாத்தாவின் அலகுக்குப் பேரன் புதுக் கூடு போட்டுக்கொள்வதும், உடைந்த அலகைக் குறுக்கி இடுப்புக் குத்துவாளாக மாற்றுவதும் அங்கே சாதாரணம்.

நம் பக்கத்திலும் இதே வழக்கம் இருந்தது. தக்காணத்திலும் மராத்தியரிடமும் ஐரோப்பிய அலகுக்கு உள்நாட்டுப் பிடி போட்ட வாளை ஃபிரங்கி என்றார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களுக்குள்ளும் இப்படிப்பட்டவை உண்டு. ஆக, வேறு யாரோ செய்த அலகை வாங்கி அதற்குப் பிடி திருத்துகிற நீங்கள் மரபுக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. உலகச் சந்தைக்குப் போகும் இந்த நகல்களில் பல நம் டேராடூனில் உருவாகின்றன என்பது சுவையான உபரிச் செய்தி. அங்குள்ள விண்ட்லாஸ் நிறுவனம் வாள் விஷயத்தில் உலக அளவில் பேர் பெற்றது.

மலிவு நகல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆறுதல். மலைநாட்டுப் படைப்பிரிவுகளின் சாதாரணச் சிப்பாய்களுக்கு 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு கொடுத்த வாள்கள் மொத்த ஒப்பந்தத்தில் செய்தவை. தகட்டு வேலை மோட்டா, அலங்காரம் சொற்பம், கூட்டுக்குக் கறுப்புப் பூச்சு. உங்கள் நகலின் கூடு முரட்டுத்தனமாக இருந்தால் வால்டர் ஆலனின் நுண்வேலையோடு அதைப் போட்டிக்கு விடாதீர்கள். சிப்பாய் வாளாக ஆக்கிவிடுங்கள். பாதி வேலை மிச்சம், சரித்திரமும் சரியாக இருக்கும்.

இனி வேலை. முதலில் எஃகு எது என்று கண்டுபிடியுங்கள். விளம்பரத்தில் 420, 440 என்ற எண்கள் இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. 1055, 1065 என்றிருந்தால் கரிம எஃகு. கடைசி இரண்டு இலக்கம் கரியின் அளவு, அதாவது 1065-இல் நூற்றுக்கு 0.65 பங்கு கரி. எண்ணே இல்லையென்றால் காந்தத்தை நம்பாதீர்கள், இரண்டிலுமே அது ஒட்டும். கூட்டுக்குள் மறையும் இடத்தில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பூச்சை எடுத்துவிட்டு ஒரு சொட்டு வினிகர் வைத்துக் கால் மணி நேரம் பொறுங்கள். கரிம எஃகில் சாம்பல் நிற வட்டம் விழும், மற்றதில் ஒன்றும் ஆகாது. மயில்துத்தக் கரைசலும் இதே வேலையைச் செய்யும். கரிம எஃகின் மேல் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகும். தொட்டபின் கையைக் கழுவுங்கள், மயில்துத்தம் விஷம்.

துருப்பிடிக்காத எஃகு என்று தெரிந்தால் அலகைக் கருக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதன் மெருகைக் குறைக்கலாம், அதற்குமேல் ஏறாது. அந்த வாளை வீசவும் கூடாது. இவ்வளவு நீள அலகுக்கு அந்த எஃகு நொறுங்கும் குணமுள்ளது. பிடிக்குள் போகும் வால்பகுதியும் மலிவு வாள்களில் பென்சில் தடிமனுக்கு ஒரு கம்பியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். உச்சி நட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அலகின் அகலம் படிப்படியாகக் குறைந்து வாலாக நீண்டிருந்தால் நல்ல வாள். நடுவில் வெல்டிங் முடிச்சு தெரிந்தால் அது சுவருக்கு மட்டுமே.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் கூடு. ஒரு வாள் அசலா நகலா என்று பார்ப்பவர் கண் முதலில் நிற்பதும் அங்கேதான். அசல் கூட்டின் பட்டைக் கம்பிகள் சம்மட்டியில் அடித்து இழுத்தவை. அடியில் அகலமாகத் தொடங்கி நுனிக்கு வரவர ஒடுங்கும். நகலில் அவை தகட்டிலிருந்து வெட்டியவை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம், விளிம்பு செங்குத்து. இடையிடையே உள்ள கேடயத் தகடுகளில் இதய வடிவத் துளையும் வட்டத் துளையும் இருக்கும். அசலில் எந்த இரண்டு இதயமும் ஒன்றுபோல் இராது, ஒன்று கொஞ்சம் ஒருக்களித்திருக்கும், இன்னொன்றின் கூர்முனை நீண்டிருக்கும். நகலில் எல்லாம் ஒரே அச்சு.

முலாமைக் கழற்றுவது முதல் படி. குரோம் பூச்சை வீட்டில் அமிலத்தில் போடாதீர்கள், கிரைண்டர் வைத்துத் தூசியாகவும் பறக்க விடாதீர்கள். ஊரில் முலாம் பூசும் பட்டறை இருக்கும், பூசத் தெரிந்தவர்களுக்குக் கழற்றவும் தெரியும். அங்கே கொடுத்து வாங்குங்கள். வெறும் பெயின்ட் என்றால் பெயின்ட் கழற்றும் திரவம் போதும்.

பிறகு அரம். கூட்டை ஈரத்துணி சுற்றிய மரக்கட்டையில் செருகி, வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையின் இரண்டு விளிம்பையும் தட்டையரத்தால் சரித்துவிடுங்கள். நடுவில் ஒரு மெல்லிய மேடு எஞ்ச வேண்டும். குமிழை நோக்கிப் போகும் நுனிகளை ஒடுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே தோற்றம் மாறும். வெல்டிங் உருண்டைகளை அரைவட்ட அரத்தால் இழைத்துச் சமப்படுத்துங்கள். இதயத் துளைகளை ஊசியரத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு, துளையின் உள்விளிம்பைச் சாய்த்துவிடுங்கள். தகட்டின் ஓரங்களில் சிறு வெட்டுகள் விட்டு அலை போலாக்குவதும், ஓரத்துக்கு இணையாக ஒன்றிரண்டு கோடுகள் இழுப்பதும் கிளாஸ்கோ, ஸ்டெர்லிங் வேலைகளில் உண்டு. கோட்டை அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளலாம், இழுப்பதைக் கையாலேயே இழுங்கள். பல கூடுகளில் பட்டைகளின் நுனி குமிழைச் சுற்றி வெட்டிய பள்ளத்துக்குள் புகுந்து நிற்கும். நகலில் அந்த இடத்தில் ஒரு திருகாணி இருந்தால் அதன் தலையை இழைத்து மறைக்காமல் விடாதீர்கள். வாள் அறிந்தவர் தேடுவது அந்தத் திருகாணியைத்தான்.

இப்படி இழைத்ததில் இன்னொரு லாபம், எடை. அசல் வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.4 கிலோ வரைதான். மலிவு நகல்கள் அதற்கு மேலே போவது பெரும்பாலும் கூட்டின் தகட்டுத் தடிமனால்.

நிறம் ஏற்ற, கூட்டை அலகிலிருந்து பிரிக்க முடிந்தால் நல்லது. எண்ணெய்ப் பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவி, இலேசாக வினிகர் துடைத்து, மூடிய பெட்டியில் ஒரு டம்ளர் வெந்நீரோடு இரவு முழுக்க வையுங்கள். காலையில் மெல்லிய செந்துரு படர்ந்திருக்கும். அதை அப்படியே அண்டாவில் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் போடுங்கள். கண்ணெதிரே சிவப்பு கறுப்பாகும். செந்துரு வேறொரு ஆக்ஸைடாக மாறுகிறது, அது உதிராமல் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். மிக மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து, மறுபடி துரு, மறுபடி கொதிநீர். மூன்று நான்கு சுற்றில் ஆழமான கருநிறம் வரும். எண்ணெய் தடவி வைத்தால் ஏறக்குறைய பழக்கிய தோசைக்கல்லின் நிறம். கொதிநீரில் போட வழியில்லாத கூட்டுக்குக் கடுக்காய் இருக்கிறது. கடுக்காயை நசுக்கிக் காய்ச்சிய கஷாயத்தை மெல்லிய துருவின் மேல் தூரிகையால் தடவினால் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடி நீலக் கறுப்பாகும். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இந்த வேதியியலை வைத்துத்தான். சிப்பாய் வாள் என்று முடிவு செய்தவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். மங்கலான கறுப்பு எனாமலைத் தூரிகையால் பூசி, கை படும் மேடுகளில் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துவிட்டால் முடிந்தது.

அலகுக்குச் சுருக்கமான வேலைதான். 400 எண் எமரித் தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, எண்ணெய் தொட்டு, ஒரே திசையில் இழுங்கள். பிறகு 600. கண்ணாடி மெருகு போய்ப் பட்டுப் போன்ற சாம்பல் மினுக்கம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வட்டமாகத் தேய்த்தால் தேய்த்த கோடு காட்டிக் கொடுக்கும். மூப்பு வேண்டும் என்பவர்கள் வெதுவெதுப்பான வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்து, நிறம் வந்ததும் ஆப்பசோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். எங்கே கறுக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. அலகின் நடுவே ஓடும் பள்ளங்களுக்குள் துடைக்கும் துணி எட்டாது, ஆகவே அங்கே கருமை நிற்கும். கூர்விளிம்பிலும் மேட்டிலும் வெளுத்திருக்கும். கூட்டை ஒட்டிய இரண்டு மூன்று விரல்கடை, கூட்டின் உள்ளே போடும் தோலில் ஈரம் தங்குவதால், மிகவும் கறுத்து அரித்திருக்கும். முழு அலகும் ஒரே சாயமாக இருந்தால் பார்த்தவுடன் செயற்கை என்று தெரிந்துவிடும். ப்ளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

பல அசல் அலகுகளின் பள்ளத்தில் ஆந்த்ரியா ஃபராரா என்ற பெயரைக் காணலாம். இத்தாலிய வாள்கொல்லர் ஒருவரின் பெயர் அது. தரத்தின் அடையாளமாக ஜெர்மானியக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அதை அடித்துத் தள்ளினார்கள், எழுத்துக்கூட்டுகூட ஆளுக்கொரு விதம். அதாவது அசல்களிலேயே போலி முத்திரை இருந்தது! உங்கள் அலகில் அதைப் பொறிப்பதானால் லேசர் வேண்டாம். சிறு உளி, சிறு சுத்தியல், கொஞ்சம் கோணல். பழகாத கை என்றால் விட்டுவிடுங்கள், முத்திரை இல்லாத அலகுகளும் ஏராளம்.

பிடிக்கு வருவோம். ரெக்ஸினை உரித்தால் உள்ளே பெரும்பாலும் பிளாஸ்டிக்கோ மட்ட மரமோ இருக்கும். புதிதாகக் கடைவதானால் தேக்கோ வேம்போ எடுத்துக்கொள்ளலாம், மேலே தோல் மூடப்போவதால் மர அழகு முக்கியமில்லை. நீளம் குறைவாக இருக்கட்டும். அசல் பிடிகள் வெறுங்கைக்கு ஏற்றவை, பத்து சென்டிமீட்டர் அளவே, நடுவில் சற்றுப் புடைத்திருக்கும். திருகுச் சுருளாகப் பள்ளம் செதுக்கி, மெல்லிய ஆட்டுத்தோலை நனைத்து, வச்சிரம் தடவிப் போர்த்தி, பள்ளத்தின் மேல் நூலை இறுகச் சுற்றி ஒரு நாள் காய விடுங்கள். நூலைப் பிரித்தால் தோல் பள்ளத்தோடு படிந்திருக்கும். உயர்ந்த வாள்களில் திருக்கைத் தோல் போட்டிருப்பார்கள். நம் நாட்டில் சில திருக்கை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்த வம்பு வேண்டாம்.

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கம்பி. அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை இரட்டையாக மடித்து, ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையை டிரில் வாயில் பிடித்து மெதுவாக ஓட்டினால் அழகான முறுக்கு விழும். இன்னொரு ஜோடியை எதிர்த்திசையில் முறுக்குங்கள். இரண்டையும் பக்கம் பக்கமாகப் பள்ளத்தில் சுற்றினால் கம்பிகளுக்கிடையே மீன்முள் போன்ற வரி தெரியும். அசலில் காணும் வரி அதுதான். முறுக்கிய பித்தளை விறைத்துக்கொள்ளும், சுற்றுமுன் அடுப்பில் இலேசாக வாட்டினால் இளகும். முனைகளை மரத்தில் சிறு துளையிட்டுச் செருகி, மேலே ஒரு பித்தளை வளையம் போட்டு மறையுங்கள். ஒட்டுப் பசையை நம்பினால் கை வியர்வையில் ஒரு நாள் அவிழும்.

கூட்டின் உள்தோலுக்கு வெல்வெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, செய்தித்தாளில் மாதிரி வெட்டிப் பாருங்கள். கூடு மூன்று திசையில் வளைவதால் முதல் மாதிரி பொருந்தாது. பொருந்தியதும் தடித்த, மரப்பட்டையில் பதனிட்ட தோலில் வெட்டுங்கள். ஆவாரம்பட்டைப் பதத்தில் பேர் வாங்கிய தமிழ்நாட்டில் இந்தத் தோலுக்குப் பஞ்சமில்லை. குரோம் பதத் தோல் ரப்பர் போல் துவளும். வெளிப்புறம் சிவப்புக் கம்பளித் துணி, ஓரத்தில் மங்கிய நீலப் பட்டு நாடா, கையால் தையல். சிவப்பு கண்ணைக் குத்தினால் தேயிலைச் சாறில் ஒரு முக்கு. உறைக்குக் கறுப்புத் தோலும் வாயிலும் நுனியிலும் இரும்புப் பூணும் போதும், அலங்காரம் தேவையில்லை.

எல்லாம் பூட்டியபின் உச்சி நட்டை அப்படியே விட்டால் பட்ட பாடு வீண். நல்ல வால் இருந்தால், நுனியை இரண்டு மில்லிமீட்டர் துருத்த விட்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி ஆணித்தலையாகப் பரப்புங்கள். பிறகு கழற்றுவது சிரமம் என்பதால் இதைக் கடைசியில் செய்யுங்கள். சுவர் வாளுக்கு நட்டை இழைத்துப் பொத்தான் போலாக்கினால் போதும்.

அலகுக்குக் கூர் ஏற்றாதீர்கள். 9 அங்குலத்துக்கு மேற்பட்ட கூரிய அலகுகள் இந்திய ஆயுதச் சட்ட விதிகளில் பேசப்படுகின்றன, இடத்துக்கு இடம் கட்டுப்பாடும் மாறும். வாங்குமுன் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம். ஊர்வலம், மேடை என்று வெளியே எடுத்துப் போவதற்கும் அனுமதி கேளுங்கள். இன்னொன்று, பிடியைப் பூட்டுமுன் வால்பகுதியில் செய்த ஆண்டையும் நகல் என்ற சொல்லையும் உளியால் பொறித்துவிடுங்கள். தயாரிப்பாளர் முத்திரை இருந்தால் அதை அழிக்காதீர்கள், உள்தோலுக்குக் கீழே மறைந்தால் போதும். உங்கள் கைவேலை நன்றாக அமைந்துவிட்டால், நாளை அது கைமாறும்போது யாரோ ஒருவர் 1746 என்று சொல்லி விற்றுவிடக்கூடும்.

பராமரிப்பு சுலபம். தொட்டபின் உலர்ந்த துணியால் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசி சேர்க்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. உறைக்குள் செருகி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டவைக்கும். வாளைத் தனியாக, உறையைத் தனியாக மாட்டுங்கள்.